எங்கிருந்து வருது? மலைக்கும் ஆற்றுக்கும் போகும் முன் வானிலை படிக்க ஒரு பாடம்



போன வருடம் பள்ளி விடுமுறையில் எங்கள் இளைஞர் பகுதி ஓர் அருவிக்குப் போனது. மொத்தம் 23 பேர். அதில் 8 பேர் பத்து வயதுகூட ஆகாத பிள்ளைகள். சாப்பாடு ஒருத்தர் பொறுப்பு, வாகனம் ஒருத்தர் பொறுப்பு, வானிலை என் பொறுப்பு. "நீதானே இன்ஜினியரிங் படிக்கிற, நீயே பாரு"ன்னு தலைவர் அண்ணன் சொல்லிட்டார்.

காலையில் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். மழைக்கான வாய்ப்பு 40 விழுக்காடு. "ஐம்பதுக்குக் கீழதான், போலாம்"னு புலனக் குழுவில் போட்டேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

மதியம் இரண்டரை மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆற்று நடுவில் இருந்த தட்டைப் பாறையில் பாய் விரித்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கரையில் கடை வைத்திருந்த மலாய்க்கார மக்சிக் ஒருவர் இறங்கி வந்து மலைப்பக்கம் கையைக் காட்டினார். "நாயெக், டிக். அத்தாஸ் சுடா ஹூஜான்." மேலே ஏறுங்க தம்பி, மலையில மழை வந்துடுச்சு. நான் சிரித்துக்கொண்டே, "கொஞ்ச நேரம் மக்சிக்" என்றேன். அவர் என்னிடம் வாதாடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து நேராகக் கரைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் பின்னால் போனோம்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறியது. இலை, சுள்ளி, அப்புறம் முழுக் கிளைகள். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை காணாமல் போனது. எங்கள் ஐஸ் பெட்டி, இரண்டு ஜோடி செருப்பு, பாய் எல்லாம் போய்விட்டன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று இரவு அந்தப் பையனின் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ வானிலை பார்த்தேன்னு சொன்னியே?" கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் மனசில் இருக்கிறது.

முன்னறிவிப்பு பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. "இங்கே மழை வருமா?" என்று மட்டும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது: "எங்கிருந்து வருது? எத்தனை மணிக்கு வருது?" இந்த இரண்டு கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

1. 40 என்பது தேர்வு மதிப்பெண் இல்லை

நம்மில் பலர் மழை வாய்ப்பை எஸ்.பி.எம். மதிப்பெண் மாதிரி பார்க்கிறோம். ஐம்பதுக்கு மேல் என்றால் மழை, கீழே என்றால் வெயில். அப்படி இல்லை. 40 விழுக்காடு என்றால், இதே மாதிரி முன்னறிவிப்பு வந்த பத்து நாட்களில் சுமார் நான்கு நாள் அந்த இடத்தில் மழை பெய்யும் என்று அர்த்தம். பத்துத் தடவை மிதித்தால் நாலு தடவை பிடிக்காத பிரேக் உள்ள காரில் பிள்ளைகளை ஏற்றுவோமா?

அதற்காக 40 என்று பார்த்ததும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மலேசியாவில் அப்படி இருந்தால் ஒரு நாளும் வெளியே போக முடியாது. அந்த எண் பாதிச் செய்திதான். எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து என்பது மீதிப் பாதி.

2. நம் மொழியிலேயே இருக்கும் விதி

வானிலை ஆய்வாளர்கள் காற்றுக்குப் பெயர் வைக்கும் விதி எளிது. காற்று எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்க்க மாட்டார்கள், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது.

தமிழும் இதையேதான் செய்கிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கோடை. நான்குக்கும் குணம் வேறு. வாடை குளிரும், தென்றல் இதமாக இருக்கும், கொண்டல் மழை கொண்டுவரும், கோடை சுடும். அந்தக் குணங்கள் தமிழ்நாட்டு நிலத்துக்குப் பொருந்துபவை. இங்கே அப்படியே ஒட்டாது. ஆனால் காற்றைப் பார்த்ததும் முதலில் "எங்கிருந்து?" என்று கேட்கும் பழக்கம் நம்முடையது. கடலோடிகளுக்கு அது உயிர் காக்கும் பழக்கம்.

கடாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குக் காற்றில் பாய் விரித்து நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வங்கக் கடலைத் தாண்டி கிழக்கே வந்தார்கள். வடகிழக்குக் காற்று திரும்பும் வரை காத்திருந்து ஊருக்குப் போனார்கள். 1025-ஆம் ஆண்டையொட்டி ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் வந்தபோதும் இந்தக் காற்றுக் கணக்கு தெரியாமல் வந்திருக்க முடியாது. தூரக் கடலிலிருந்து அவர்களுக்கு அடையாளமாகத் தெரிந்தது கெடாவின் குனோங் ஜெராய். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த மலையிடம் பாடத்தின் பிற்பகுதியில் திரும்ப வருவோம்.

3. ஆண்டின் கடிகாரம்

நம் நாட்டில் ஆண்டை நான்கு பகுதியாக வைத்துக்கொண்டால் போதும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. தென் சீனக் கடலைத் தாண்டி ஈரத்தோடு வந்து முதலில் மோதுவது கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி. சரவாக்கிலும் கனமழை வரும். பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் இந்தக் காலத்தில் மூடிவிடும். மலிவாக அறை கிடைக்குதுன்னு டிசம்பரில் கிழக்குக் கரைத் தீவுக்குத் திட்டம் போடாதீங்க. இதே காற்றுக்கு மறுபக்கமும் உண்டு. நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் மறைப்பதால், ஜனவரி பிப்ரவரியில் வடமேற்குப் பகுதி வறண்டிருக்கும். தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலையில் வெறுங்காலில் ஏறியவர்களுக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியும்.

மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பொதுவாக மழை குறைவு. மலை ஏறுபவர்களுக்குப் பிடித்த காலம். ஆனால் இரண்டு விருந்தாளிகள் மேற்கிலிருந்து வருவார்கள். ஒன்று, சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம். ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, அன்று ஓட்டம், மலையேற்றம் வேண்டாம். இரண்டாவது, சுமத்ரா பலத்த காற்று. சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியற்காலையிலும் காலையிலும் நம் மேற்குக் கரையில் ஏறும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீர்க் காற்று வீசும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம்.

இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில், ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும், காற்று திசை மாறும் இடைக்காலம். காற்று மெல்லிசா இருக்கும், காலை அருமையா இருக்கும், மதியத்துக்கு மேல் இடி பிளக்கும். மேற்குக் கரையில் இருப்பவர்கள் அதிகமாக ஏமாறுவது இந்த மாதங்களில்தான்.

4. நாளின் கடிகாரம்

ஏன் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடிமழை? காலையிலிருந்து வெயில் தரையைச் சுட வைக்கிறது. சூடான ஈரக் காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஆவி நீர்த்துளியாகிறது. அப்படி மாறும்போது ஆவி தன்னிடம் இருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. அதாவது மேகம் தன் எரிபொருளைத் தானே தயாரிக்கிறது. கடற்காற்று உள்ளே வந்து மலைச் சரிவில் மோதினால் ஏற்றம் இன்னும் வேகம். அதனால்தான் ஊரில் வெயிலாக இருக்கும்போதே மலையில் மழை தொடங்கிவிடுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டியவை:

காலை பத்து மணி: சின்னச் சின்னப் பஞ்சுப் பொதி மேகங்கள். பிரச்சினை இல்லை.

பதினொன்று, பன்னிரண்டு: அந்தப் பொதிகள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால், மேல் நுனி காலிஃபிளவர் மாதிரி பொங்கினால், கவனம்.

அதற்குப் பிறகு: மேகத்தின் அடி கறுத்து, உச்சி தட்டையாகப் பரவினால் இடிமேகம் முழுசாகிவிட்டது.

புழுக்கமான மதியத்தில் சில்லென்று ஒரு காற்று திடீரென அடித்தால், "ஆ, நல்லா இருக்கு"ன்னு நிற்காதீங்க. மழையோடு கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்னால் ஓடி வருவது அது. சில நிமிடங்களில் பின்னால் மழை வந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விதி: சாதாரண நாளில் மலை உச்சியை விட்டு நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். சுமத்ரா பலத்த காற்று வரும் மாதங்களில், புறப்படும் முன் விடியற்காலை ராடாரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

5. முன்னறிவிப்பை வரிக்கு வரி படிப்பது

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியும் இணையத்தளமும் இலவசம். அதில் மாநிலம், மாவட்டம், ஊர் மட்டுமல்ல, பொழுதுபோக்கு மையங்களுக்கும் தனியாக 7 நாள் முன்னறிவிப்பு உண்டு. நான் பார்த்தது என் வீடு இருக்கும் ஊரின் முன்னறிவிப்பு. அருவி இருந்ததோ வேறு மாவட்டத்தில்!

ஒவ்வொரு நாளையும் பாகி, பெத்தாங், மாலாம் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். காலை, பிற்பகல், இரவு. அப்புறம் இடத்தைக் காட்டும் சொற்களைக் கவனியுங்கள். 'சத்து டுவா தெம்பாட்' என்றால் ஓரிரு இடங்களில். 'பெபெராப்பா தெம்பாட்' என்றால் சில இடங்களில். 'கெபாஞாக்கான் தெம்பாட்' என்றால் பெரும்பாலான இடங்களில். ஓரிரு இடங்களுக்கும் பெரும்பாலான இடங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டுக்கும் ஒரே மேகப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம்.

எச்சரிக்கைகள் தனி. இடிமழை எச்சரிக்கை என்பது, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை நெருங்கிவிட்டது, அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்ற நிலையில் வருவது. ஒவ்வோர் அறிவிப்பும் 6 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. அதனால் காலை எட்டு மணிக்குப் பார்த்தது மதியம் இரண்டு மணிக்குப் பழைய செய்தி. தொடர் மழை எச்சரிக்கைக்கு மூன்று படிகள்: வாஸ்பாடா, பூரோக், பஹாயா. எந்தப் படியாக இருந்தாலும் அந்தப் பகுதியில் ஆறும் மலையும் அன்றைக்கு வேண்டாம்.

ராடார் படத்தில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பயனில்லை. அரை மணி நேர இடைவெளியில் இரண்டு பாருங்கள். நிறம் எந்தப் பக்கம் நகர்ந்தது? நம்மை நோக்கியா, விலகியா? பாடத்தின் கேள்வி இங்கேயும் அதேதான்: எங்கிருந்து வருது?

6. இடிக்கு மூணாம் வாய்ப்பாடு

மின்னல் ஒளி உடனே வந்துவிடும். இடியோசை ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி எடுக்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். இடி கேட்கும்போது நிறுத்தி மூன்றால் வகுங்கள். 15 நொடி என்றால் 5 கிலோமீட்டர். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர், அதுவே எல்லை. 30-க்குள் வந்தால் விளையாட்டை நிறுத்திப் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்பப் போகக் கூடாது. ஃபுட்சால், கால்பந்து விளையாடும் தம்பிகளுக்கும் இதுதான் விதி.

பாதுகாப்பான இடம் என்றால் சுவர் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். மரத்தடி இல்லை. நாலு தூண் நிற்கும் திறந்த வாக்காஃப் குடிலும் இல்லை. ப்ரோகா குன்று மாதிரி லாலாங் புல் மட்டும் இருக்கும் திறந்த முகட்டில் நின்றால், அங்கே உயரமான பொருள் நீங்கள்தான்.

7. ஆறு எங்கிருந்து வருது?

இப்போது என் அருவிக்கு வருவோம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழை இல்லை. ஆனால் ஆறு நாங்கள் நின்ற இடத்தில் தொடங்கவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மேலே 5 சதுர கிலோமீட்டர் சரிவில் விழும் மழையெல்லாம் இந்த ஓடைக்குத்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் மழை. 50 லட்சம் சதுர மீட்டரை 0.02 மீட்டரால் பெருக்கினால் 1 லட்சம் கன மீட்டர் தண்ணீர். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம் 2,500 கன மீட்டர். ஆக, 40 ஒலிம்பிக் குளங்கள். இதில் பாதியை மண் குடித்துவிட்டாலும் மீதி 20 குளம் நாலடி அகல ஓடையில் இறங்கப் பார்க்கும். வழியில் விழுந்த மரமும் பாறையும் தற்காலிக அணை மாதிரி அடைத்துக்கொண்டு, பிறகு உடைந்தால், எல்லாம் ஒரே அலையாக வரும். இதைத்தான் மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயிர் என்கிறார்கள், தண்ணீரின் தலை.

2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நாம் பார்த்த குனோங் ஜெராயில் கனமழை கொட்டியது. மரமும் பாறையும் சேறும் சேர்ந்து மலையிலிருந்து இறங்கி, யான் வட்டாரத்தையும் அடிவாரப் பொழுதுபோக்கு இடங்களையும் தாக்கின. உயிர்கள் போயின. மாதத்தைக் கவனியுங்கள்: ஆகஸ்ட். மழை குறைவு என்று மேலே நான் சொன்ன தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பருவம் என்பது சராசரிதான், உத்தரவாதம் இல்லை.

அறிகுறிகள் ஐந்து. தெளிந்த நீர் கலங்குவது. இலை, சுள்ளி திடீரென அதிகமாக மிதந்து வருவது. நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. மேலே லாரி வருவது மாதிரி உறுமல். மலைப்பக்கம் கறுத்த மேகம். ஒன்றைப் பார்த்தாலும் உடனே வெளியேறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகம். பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போங்கள். செருப்பு, கைப்பேசி எடுக்கத் திரும்பாதீர்கள். யாராவது சிக்கிக்கொண்டால் பின்னால் குதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

8. மலையில் குளிர், கடலில் காற்று

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். அடிவாரத்தில் 32 என்றால், 1,217 மீட்டர் உயர ஜெராய் உச்சியில் 24. 4,095 மீட்டர் உயர கினபாலு உச்சியில் 5 பாகையை ஒட்டி. உடை நனைந்து காற்றும் அடித்தால் உடல் சூடு வேகமாக இறங்கும். நடுங்கிக்கொண்டே குழறிப் பேசும் நண்பனைக் கிண்டல் செய்யாமல், ஈர உடையை மாற்றி, போர்த்தி, கீழே இறக்குங்கள். மாற்று டி-சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போவது சின்ன வேலைதான்.

கடலில் கயாக் ஓட்டுபவர்களுக்கு ஒரு சூத்திரம்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டரில் சமாளித்தவர் 40-இல் சமாளிப்பார் என்று நினைக்கக் கூடாது. கரையில் மரங்களின் பெரிய கிளைகள் ஆடினால், குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால், காற்று ஏற்கெனவே 40-ஐத் தொட்டுவிட்டது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இன்னும் ஆபத்து. கரையோரம் அலையே தெரியாது, ஆனால் திரும்பி வர முடியாது.

9. புறப்படும் முன் முடிவு செய்யுங்கள்

அன்று எனக்கு இல்லாதது அறிவு மட்டுமல்ல, முன்கூட்டிய முடிவு. ஆற்றில் இறங்கிய பிறகு "கொஞ்ச நேரம்" என்றுதான் வாய் சொல்லும். அதனால் எங்கள் குழுவில் இப்போது இப்படிச் செய்கிறோம்.

முதல் நாள் இரவு: போகும் இடத்தின் முன்னறிவிப்பு, ஆறு தொடங்கும் மலைப்பகுதியின் முன்னறிவிப்பு, இரண்டும்.

காலை: எச்சரிக்கை உண்டா, ராடாரில் என்ன நகர்கிறது?

புலனக் குழுவில்: "மணி 12-க்குத் திரும்புறோம், எங்க இருந்தாலும்" என்று நேரத்தை எழுதிவிடுவது.

அங்கே போனதும்: உள்ளூர்க்காரர் ஒருவரிடம் நேற்று மழையா என்று கேட்பது.

ஆற்றில் இருக்கும்போது: ஒருவர் கரையில், கண் மேல்நோக்கி. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும்.

குழுவில் யார் "போலாம், இறங்கலாம்"னு சொன்னாலும், கடைசித் தம்பியோ தங்கச்சியோ சொன்னாலும், விவாதம் இல்லாமல் கிளம்புவது. வெட்டியா கிளம்பிட்டோமேன்னு யாரையும் கிண்டல் செய்வதும் கிடையாது.

வாரக் கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆறு எந்த மலையிலிருந்து வருகிறது? அந்த மலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

2. "பெத்தாங்: ரிபுட் பெத்திர் டி பெபெராப்பா தெம்பாட்." இந்த வரியை வைத்து ஒரு மலையேற்றத்துக்குப் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்.

3. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 12 நொடி. எத்தனை கிலோமீட்டர்? நீங்கள் திடலில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

4. வயதில் பெரியவர் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்கிறார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வீர்கள்? ஒருவர் அண்ணனாகவும் ஒருவர் தம்பியாகவும் நடித்துப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து நான் மறுபடியும் அந்த அருவிக்குப் போனேன். மக்சிக் கடையில் தே ஓ குடித்தேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கைப்பேசி எதையும் காட்டவில்லை. "நான் ஆத்தைப் பார்க்கிறதில்லை, மலையைப் பார்ப்பேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகப் போறீங்க? எங்கேயாக இருந்தாலும் சரி, முதலில் மேலே பாருங்க.